நீலகிரி மழையை சார்ட் போடும்போது எங்கே சறுக்கும்?

கோத்தகிரிக்காரன்:
2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த மழைக்காகச் சார்ட்டின் செங்குத்து அச்சை 0–900 வரை நீட்டினால், 18 செ.மீ. உயர சார்ட்டில் 20 மி.மீ. பெய்த ஊருக்கு 4 மி.மீ. உயரப் பார் (பட்டை)தான் கிடைக்கும். பார்ப்பவர் அங்கே மழையே இல்லை என்பார். உடனே பலரும் செய்வது, பெரிய பாரை நடுவில் வெட்டி நெளிகோடு போடுவது. அது வேண்டாம். பாரில் கண் படிப்பதே நீளத்தைத்தான். வெட்டியபின் 800க்கும் 200க்கும் வித்தியாசம் தெரியாது. ஒவ்வொரு படிக்கும் 10 மடங்காகும் லாக் அச்சும் உதவாது. அதில் பூஜ்யம் கிடையாது, மழையில்லாத நாளை எங்கே வைப்பீர்கள்? இரண்டாகப் பிரியுங்கள்: மேலே எல்லா ஊரும், கீழே அவலாஞ்சி இல்லாமல் மற்ற ஊர்களுக்கேற்ற சிறிய அச்சு. "அவலாஞ்சி சேரவில்லை" என்பதைச் சார்ட்டுக்குள்ளேயே எழுதுங்கள். அடிக்குறிப்பாகப் போட்டால் வாட்ஸ்அப்பில் அதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

மஞ்சூர் பஸ்:
மேப்பிலும் அதே கதைதான் அண்ணே. ஆறு தாலுகாவுக்கும் நீலம் பூசினால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மழை தாலுகா எல்லை பார்த்தா பெய்யுது? மழைமானி இருக்கும் இடத்தில் வட்டம் வையுங்க. வட்டத்தில் கண் படிப்பது பரப்பை, அதனால மழை 4 மடங்கு என்றால் ஆரம் 2 மடங்குதான். ஆரத்தையே 4 மடங்காக்கினால் பரப்பு 16 மடங்காயிடும்.

தேயிலைத்தூள்:
மாவட்டச் சராசரி மாதக்கோடு போடுபவர்களுக்கு: கூடலூர் ஜூன்–ஆகஸ்ட்டில் நனையும், குன்னூருக்கு அக்டோபர்–நவம்பர். சராசரி எந்த ஊருக்கும் பொருந்தாது. ஊருக்கு ஒரு சிறு சார்ட். எவ்வளவு மழை என்பது கேள்வியானால் எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு. எப்போது மழை என்றால் மாத மழையை அந்த ஊரின் ஆண்டு மொத்தத்தில் சதவீதமாக.

ஜெராக்ஸ்:
சார்ட்டை அச்சடிக்கக் கொடுக்கும்முன் ஒரு கருப்பு-வெள்ளை நகல் எடுத்துப் பாருங்க. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாக வந்தால் நிறத்தை மாற்றணும்.

கல்லாறு கேட்:
இது மழை பற்றி இல்லை, ஆனாலும் சார்ட் அச்சில் வரும் அதே வியாதி. மலை ரயில் பாதையின் பக்கவாட்டுப் படம்: மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கி.மீ., ஏற்றம் சுமார் 1,900 மீட்டர். உண்மை விகிதத்தில் 46 செ.மீ. அகலத்துக்கு உயரம் 1.9 செ.மீ.தான், மலையே தெரியாது. உயரத்தை 5 மடங்காக்கினால் 9.5 செ.மீ., பார்க்கும்படி இருக்கும். ஆனால் பல்சக்கரப் பகுதியின் (பல் தண்டவாளத்தைப் பிடித்து ரயில் ஏறும் இடம்) 12க்கு 1 ஏற்றம், அதாவது 12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயர்வது, நிஜத்தில் 5 பாகைகூட இல்லாதது, படத்தில் 22 பாகைக்கு மேல் நிற்கும். அதனால் "உயரம் 5 மடங்கு" என்று எழுதிவிட்டு, சரிவின் பக்கத்தில் பாகையைப் போடாமல் 12க்கு 1 என்றே போடுங்க.