மெய்யழகன், கொட்டுக்காளி, வாழை: பார்த்தாச்சு, பேச ஆள் வேண்டும்

கடைசி வரிசை:

2024இல் தியேட்டரில் தவறவிட்ட படங்களை இப்போதுதான் ஒவ்வொன்றாக ஓடிடியில் பார்த்துக்கொண்டு வருகிறேன். வீட்டில் இதைப் பேச ஆள் இல்லை (மனைவிக்குக் கொரிய சீரியலே போதும்), அதனால் இங்கே வந்திருக்கிறேன். முடிவுகளைப் பற்றியும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

கொட்டுக்காளியும் வாழையும் ஒரே நாளில், ஆகஸ்ட் 23 அன்று, ரிலீஸ் ஆனவை. அடுத்தடுத்து இரண்டையும் பார்த்தது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. பி.எஸ். வினோத்ராஜின் கொட்டுக்காளியில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ சத்தம், பைக் சத்தம், சேவல், காற்று, தொண்டை கட்டிப்போன பாண்டியின் (சூரி) கரகரப்பு, அவ்வளவுதான். பாண்டிக்குக் கட்டிவைக்க நினைக்கிற மீனாவைச் (அன்னா பென்) சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள். அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறதாம், அதாவது வேறு சாதிப் பையன் மேல் ஆசை. வழியில் ஒலிபெருக்கியில் வரும் பாட்டை அவள் லேசாக முணுமுணுக்கிறாள், அதற்குப் பாண்டி வெறிபிடித்து அடிக்கிற அந்த இடத்தில் ஒரு வயலின் அழுதிருந்தால் நானும் 'சரி, சோகக் காட்சி' என்று முடிவுகட்டிவிட்டு ஒரு வாய் காபி குடித்திருப்பேன். இசை இல்லாததால் எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. ஆம்பளைகள் எல்லாம் சேர்ந்து விரட்டியும் நகராத காளையை ஒரு சின்னப் பெண் வந்து சாதாரணமாகக் கூட்டிக்கொண்டு போவாளே, அங்கே மட்டும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

வாழையில் முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது. ரஜினி, கமல் என்று அடித்துக்கொள்ளும் அந்த இரண்டு பையன்கள், சேற்றுக்குள் வாழைத்தார் சுமந்து நடக்கிற கால்கள், தேனி ஈஸ்வரின் கேமரா. தாருக்கு ஒரு ரூபாய் கூலி கூடக் கேட்டுப் போராடி வாங்குகிறார்கள், அந்தக் காசை வேறு வழியில் மிச்சம் பிடிக்கத்தான் வியாபாரி ஆட்களையும் லோடு லாரி மேலேயே ஏறச் சொல்கிறான். கடைசியில் அந்த லாரி கவிழ்கிற விபத்துக்கு இதுதான் காரணம் என்று படம் போகிற போக்கில் காட்டிவிட்டுப் போகிறது, அதுதான் மாரி செல்வராஜின் கெட்டிக்காரத்தனம். ஆனால் கடைசி இருபது நிமிஷம் நான் அழுவதற்கு முன்னாலேயே சந்தோஷ் நாராயணன் அழ ஆரம்பித்துவிடுகிறார். பையனுக்கு டீச்சர் மேல் வருகிற ஈர்ப்புப் பகுதியும் கொஞ்சம் அதிகம்.

அப்புறம் மெய்யழகன். சொந்தக்காரர்களால் 1996இல் வீட்டை இழந்து ஊரை விட்டுப் போன அருள் (அரவிந்த்சாமி), தங்கச்சி கல்யாணத்துக்குத் திரும்பி வந்து, பேர்கூட ஞாபகம் இல்லாத ஒரு சொந்தக்காரனோடு (கார்த்தி) ராத்திரி முழுக்கப் பேசுகிற படம். இதைப் 'ஸ்லோ' என்று சொல்லிச் சொல்லியே என்னைப் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டார்கள். ரிலீஸான கையோடு இயக்குநர் பிரேம்குமார் பதினெட்டு நிமிஷத்தைக் குறைத்தார் இல்லையா, அது எனக்கு இன்னமும் உறுத்துகிறது. அவருடைய 96 படமும் ஒரு ராத்திரிப் பேச்சுதானே, அதை யாரும் வெட்டச் சொல்லவில்லையே? காதலர்கள் விடிய விடியப் பேசலாம், ஒரு அத்தானும் மச்சானும் பேசினால் ஸ்லோவா?

என் கேள்வி இரண்டு. முதல் நாளே முழு நீளத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள், வெட்டியது நல்லதா கெட்டதா? கொட்டுக்காளி முடிந்த பிறகு பாண்டி என்ன செய்திருப்பான் என்று நினைக்கிறீர்கள்?

டெல்டாக்காரன்:

முழு நீளம் பார்த்தவன் நான். அதுவும் கும்பகோணத்தில், பக்கத்து சீட்டில் எங்கள் பெரியப்பாவோடு.

அண்ணே, அந்த ராத்திரிப் பேச்சில் பாதி கதைக்குத் தேவையில்லாததுதான். கரிகாலன், ஜல்லிக்கட்டு, போர் என்று எங்கெங்கோ போகிறது. ஆனால் எங்கள் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்தால் பேச்சு அப்படித்தான் போகும். நெல் விலையில் தொடங்கி ராஜராஜனில் முடியும், நடுவில் ஒரு சாவு விஷயம் வரும். அதை வெட்டியதும் என்ன ஆகிறது என்றால் கார்த்தி பாத்திரம் வெறும் பாசக்காரனாக மட்டும் நிற்கிறது. நிறையப் படிக்கிற, நிறைய யோசிக்கிற, சொல்ல ஆள் கிடைக்காத ஒரு ஆள் அவன் என்பது போய்விடுகிறது. ஆள் கிடைத்ததும் கொட்டித் தீர்க்கிறான், அருளுக்கோ அவன் பேர்கூட ஞாபகம் வரவில்லை. பேச்சு நீள நீளத்தான் 'ஐயோ இவ்வளவு பேசுறானே, நீ யாருடா என்று இனிமே எப்படிக் கேட்பது' என்கிற அந்தச் சங்கடம் நமக்கும் ஏறும்.

நீடாமங்கலம் கல்யாண மண்டபத்தில் அரவிந்த்சாமி மேடையேறித் தங்கச்சிக்கு நகை போட்டுவிடுகிற காட்சியில் பெரியப்பா வேட்டி நுனியை எடுத்துவிட்டார். அவர் அருள் மாதிரி 1996இல் இல்லை, அதற்கும் முன்னாலேயே பங்காளித் தகராறில் வீட்டை விட்டு வெளியே வந்தவர். படம் முடிந்து வெளியே வந்து ஒரு வார்த்தை பேசவில்லை, டீ மட்டும் குடித்தார். அவரிடம் போய் யாராவது பதினெட்டு நிமிஷம் அதிகம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

கொட்டுக்காளி இன்னும் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டேன், பரவாயில்லை.

டிக்கெட் கிழிப்பவர்:

நான் கொட்டுக்காளி தியேட்டரில் பார்த்தேன், அது ஒரு தனிக்கதை. போஸ்டரில் சூரி, தயாரிப்பு சிவகார்த்திகேயன், குடும்பத்தோடு பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதல் பத்து நிமிஷம் யாரும் பேசாமல் படம் ஓடியதும் எனக்குப் பின்னால் ஒருத்தர் 'சவுண்டு வரலப்பா' என்று ஆபரேட்டரைக் கூப்பிட்டார். சத்தியமாக. இத்தனைக்கும் அந்தப் படத்தில் சத்தம்தான் எல்லாமே, ஒலி வடிவமைத்த சுரேனும் அழகியகூத்தனும் ஆட்டோவுக்குள் இருப்பதற்கும் பைக்கில் போவதற்கும் வித்தியாசம் கேட்கிற மாதிரி செய்திருக்கிறார்கள். இதை லேப்டாப்பில் பார்த்தால் பாதிப் படம் போச்சு. ஒன்றே முக்கால் மணி நேரம்கூட இல்லாத படத்துக்கு இடைவேளை வேறு விட்டார்கள்.

முடிவு பற்றி. சாமியாடி வேறொரு பெண்ணுக்குப் பேய் ஓட்டுகிற லட்சணத்தைப் பாண்டி பார்க்கிறான், அவன் முகத்தில் என்னவோ மாறுகிறது, படம் முடிகிறது. எனக்கு அதில் நம்பிக்கை எதுவும் தெரியவில்லை. 'என் பொண்டாட்டியாக வரப்போகிறவளை இன்னொருத்தன் தொடுவதா' என்கிற அதே ரோஷம்தான் அவனை நிறுத்துகிறது. திரும்பி வந்து அடுத்த வாரம் இன்னொரு சாமியாடியைத் தேடுவான். மீனாவுக்கு எதுவும் மாறவில்லை.

சின்ன ஸ்கிரீன்:

கொட்டுக்காளி முடிந்ததும் நெட் போய்விட்டது என்று நினைத்து ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன் நான்.

லெக் அம்பயர்:

எல்லோரும் மெய்யழகனைத் தூக்கிப் பேசுவதால் எதிர்த்துப் பேச ஒரு ஆளாவது வேண்டும். எனக்குப் பிரச்சினை நீளம் கிடையாது. அந்தப் படத்தில் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்கள். ராஜ்கிரண் நல்லவர், ஜெயப்பிரகாஷ் நல்லவர், பொண்டாட்டிகள் இரண்டு பேரும் நல்லவர்கள், பீர் பாட்டில்கூட நல்லது. வீட்டை விட்டு ஒரு குடும்பத்தைத் துரத்திய சொந்தக்காரர்கள் எங்கே? அவர்களில் ஒருத்தரை அருள் அந்தக் கல்யாணத்தில் நேருக்கு நேர் சந்தித்துப் பேசியிருந்தால் அது படம். அதிலிருந்து நழுவிப் போய் ஆற்றங்கரையில் உட்கார்ந்துகொள்கிறது. கோவிந்த் வசந்தாவின் இசையும் பாட்டில் வரும் கமலின் குரலும் இல்லையென்றால் பாதிப் பேருக்குக் கண்ணில் தண்ணீர் வந்திருக்காது.

லப்பர் பந்து பாருங்கள் எல்லோரும். மெய்யழகனுக்கு ஒரு வாரம் முந்தி வந்த படம். அதிலும் எல்லோரும் கடைசியில் சேர்ந்துதான் போகிறார்கள், ஆனால் சும்மா சேரவில்லை. கெத்து என்கிற ஆள் ஊரே கொண்டாடும் பேட்ஸ்மேன், விஜயகாந்த் பக்தர், நாற்பது தாண்டியும் பேட்டைக் கீழே வைக்காதவர், வீட்டில் பொண்டாட்டியிடம் பொய் சொல்லிவிட்டு மேட்ச் ஆடுகிறவர். அவருக்கும் மகளைக் காதலிக்கும் பையன் அன்புவுக்கும் நடுவில் வெறும் வறட்டு ஈகோ. அதற்குக் கீழே, ஜாலி பிரண்ட்ஸ் டீமில் அன்புவுக்கு ஏன் இடம் தரவில்லை என்கிற விஷயம் ஓடிக்கொண்டே இருக்கிறது, சாதியைப் பற்றி மைக் பிடித்துப் பேசாமலேயே தமிழரசன் பச்சமுத்து அதைச் சொல்லிவிடுகிறார். சுவாசிகா அந்த வயதில் கல்யாண வயதுப் பெண்ணுக்கு அம்மாவாக நடிக்க ஒத்துக்கொண்டதே பெரிது, அவர் கோபப்பட்டு அமைதியாக இருக்கிற காட்சிகளில் அட்டகத்தி தினேஷ் முழிப்பது இருக்கிறதே! 1989இல் வந்த பொன்மனச் செல்வன் படத்துப் பாட்டை இந்தப் படத்தால் எங்கள் தெருப் பையன்கள் புதுப் பாட்டு மாதிரி பாடித் திரிந்தார்கள்.

கடைசி வரிசை:

லப்பர் பந்து பார்த்தேன் அண்ணா, பிடித்தது, சண்டை போட அதில் ஒன்றும் கிடைக்காததால்தான் எழுதவில்லை. மெய்யழகனில் துரத்தியவர்கள் காணவில்லை என்று நீங்கள் சொன்னது சரியான அடி, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் துரத்தியவர்களிடம் போய் நிற்காமல், யாரென்றே தெரியாத ஒருத்தனிடம் சமாதானம் ஆகிறான் என்பதுதானே அந்தக் கதையே?

டிக்கெட் கிழிப்பவர் சொன்ன முடிவோடு எனக்கு முழுசாக உடன்பாடு இல்லை. ரோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அன்னா பென்னின் முகத்தை ஒரு தடவை திரும்பப் பாருங்கள். ஆட்டோவை அவளோடு சேர்த்து அப்படியே தூக்கித் திருப்புகிறார்களே, அப்போதுகூட அவள் இறங்குவதில்லை, பயப்படுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறாள். பாண்டி எந்தச் சாமியாடியிடம் போனாலும் அவள் மாறப்போவதில்லை. என்னைக் கேட்டால், அது பாண்டிக்கும் அந்த இடத்தில்தான் உறைக்கிறது.

டெல்டாக்காரன், நீங்கள் அதைப் பார்க்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பாவோடு வேண்டாம்.

டெல்டாக்காரன்:

பெரியப்பா கேட்டால் மெய்யழகனையே திரும்பப் போடச் சொல்வார், அந்தக் கவலை வேண்டாம். வினோத்ராஜின் முதல் படம் கூழாங்கல் பார்த்திருக்கிறேன், ராட்டர்டாமில் டைகர் விருது வாங்கியதே, அதிலும் அப்பனும் மகனும் வெயிலில் நடந்துகொண்டே இருப்பார்கள். தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு வந்து பாண்டியைப் பற்றி எழுதுகிறேன், அதுவரை திரியை மூடிவிடாதீர்கள்.