பொதிகை மலை மடிந்து எழுந்ததா, கிழிந்து எழுந்ததா?

பாபநாசத்தான்:
ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளிக்கப் போனபோது படித்துறைக்கு மேலே ஒரு பாறையைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையுமாக வரிவரியாக ஓடி, வேட்டியை மடித்து வைத்த மாதிரி வளைந்து திரும்புகிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா? இரண்டு நிலத்தட்டுகள் மோதி, பாறை மடிந்து, பொதிகை எழுந்திருக்கிறது. இமயமலை எப்படியோ அப்படித்தான் இதுவும்.

செங்கோட்டைக்காரன்:
அண்ணாச்சி, மடிப்பு உண்மைதான். ஆனால் பாறையின் வயதும் மலையின் வயதும் ஒன்றில்லை. கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில், 50 கோடி வருடத்துக்கும் முன்னால், பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்து மடிந்த பாறை அது. உற்றுப் பார்த்திருந்தால் சிவப்புப் பொட்டுகள் தெரிந்திருக்கும். அதுதான் கார்னெட், அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும் விளைந்தது. மலை அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது. சுமார் 9 கோடி வருடத்துக்கு முன் மடகாஸ்கர் நம் மேற்குக் கரையிலிருந்து பிய்ந்து போனது. பிய்ந்த விளிம்பு தூக்கி நின்றது. இந்தியத் தட்டு வடக்கே போய் மோதி இமயம் எழ ஆரம்பித்ததே சுமார் 5 கோடி வருடத்துக்கு முன்தான்.

பாபநாசத்தான்:
சரி தம்பி, பிய்ந்த விளிம்பென்றால் மேற்கே செங்குத்து, கிழக்கே சரிவு என்று இருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் அப்படித்தான். அம்பாசமுத்திரம் வயலில் நின்று பாரும், கிழக்கைப் பார்த்துச் சுவர் மாதிரி நிற்கிறது!

செங்கோட்டைக்காரன்:
நல்ல கேள்வி. ஒரே கிழிசலை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாதுதான். பழைய பிளவுகளும் உண்டு. அச்சன்கோவில் வழியாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்று ஓடுகிறது. நொறுங்கிய பாறை சீக்கிரம் தேயும். எங்கள் ஊர்க் கணவாய் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது; 1904-இல் கொல்லத்துக்கு ரயில் விட்டவர்களுக்கு அதுதான் வழி கொடுத்தது.

கொற்கைப் பக்கத்தான்:
இரண்டு பேரும் மலையையே பிடித்துத் தொங்குகிறீர்கள். தேய்ந்ததை யார் கணக்கில் வைப்பது? உவரிக் கடற்கரையில் ஒரு கை மணலை அள்ளிப் பாருங்கள். சிவப்பாக மினுங்குவது அண்ணாச்சி பார்த்த மாதிரிப் பாறைகளின் கார்னெட்தான். சங்க காலத்தில் முத்துத் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலைவிட்டு ஆறேழு கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. நிலம் எழும்பியது என்பார்கள் சிலர். எனக்கென்னவோ தாமிரபரணி கொட்டிய வண்டல்தான் பெரிய காரணம் என்று படுகிறது.

பாபநாசத்தான்:
சிவன் கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்ந்து வடக்கு தாழ்ந்தபோது, சமன்செய்ய அகத்தியர் வந்து உட்கார்ந்தது எங்கள் மலையில். தட்டு அசைவதை எங்கள் ஆட்கள் அப்போதே சொல்லிவிட்டார்கள்!

செங்கோட்டைக்காரன்:
அந்தக் கதை உங்களுக்கு எதிரான சாட்சி அண்ணாச்சி. அகத்தியர் உட்கார்ந்தால் மலை தாழ வேண்டுமே! எடை ஏறினால் நிலம் அமுங்கும், இறங்கினால் எழும். மணல் உவரிக்குப் போகப் போக, பாரம் குறைந்த மலை கொஞ்சம் கொஞ்சமாக மேலே வருகிறது.

பாபநாசத்தான்:
மடிப்பை விட்டுத்தருகிறேன். கிழக்குச் சுவருக்கு இன்னும் பதில் வரவில்லை.