பம்பின் துல்லியம் மோட்டாரிலா, டியூபிலா?

தேவிகுளத்தான்:
அக்கா மகளுக்கு மூன்று வயது, டைப் 1 சர்க்கரை நோய். இந்த நோயுள்ள குழந்தைகளுக்கான கேரள அரசின் மிட்டாயித் திட்டத்தில், மெல்லிய டியூப் வழியாகத் தோலுக்குள் மருந்தை விடாமல் செலுத்தும் இன்சுலின் பம்ப் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். 0.025 யூனிட் வரை அளந்து தள்ளும் பம்ப் வந்தாயிற்று. இன்னும் இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது?

குமுளி மெக்கானிக்கல்:
அந்த அளவு வந்ததே ஆராய்ச்சியால்தான். பம்பில் போடும் யூ-100 வகை இன்சுலினில் ஒரு மில்லிக்கு 100 யூனிட். இந்த வயதில் ராத்திரி மணிக்கு 0.1 யூனிட் என்றால் ஒரே ஒரு மைக்ரோலிட்டர். படிப்படியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், மருந்தைத் தள்ளும் திருகுத்தண்டைத் துளித்துளியாகத் திருப்பினால்தான் இது நடக்கும். இன்சுலின் பேனா ஊசியில் அரை யூனிட்டுக்குக் கீழே வராது. மோட்டார்தான் உயிர்.

பயோமெடிக்கல் மறையூர்:
தம்பி, மோட்டார் ஒழுங்காகத்தான் தள்ளுகிறது. தோலுக்குள் எவ்வளவு போகிறது என்பது வேறு கதை. மருந்து பம்புகளுக்கான சர்வதேசத் தரம் ஐஈசி 60601-2-24 சோதனையில் வரும், ஊதுகொம்பு வடிவ ட்ரம்பெட் வளைவைப் பாருங்கள்: அளக்கும் நேர இடைவெளி சுருங்கச் சுருங்கப் பிழை விரியும். மருந்து போகும் வேகம் குறைவாக இருந்தால் டியூப் அடைப்பைக் கண்டுபிடித்து அலாரம் அடிக்கவே பல மணி நேரம் ஆகும்.

குமுளி மெக்கானிக்கல்:
அது டியூபின் குற்றம், பம்புடையது அல்ல.

பயோமெடிக்கல் மறையூர்:
குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? நம்ம போடி-மூணாறு மலை ரோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். போடி சுமார் 350 மீட்டர் உயரம், மூணாறு சுமார் 1,500. ஏறும்போது காற்றழுத்தம் ஏறக்குறைய 13 சதவீதம் குறைகிறது. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய காற்றுக் குமிழி, 10 மைக்ரோலிட்டர் என்று வையுங்கள், பம்புக்குள் இருந்தால் அது ஒன்றரை மைக்ரோலிட்டர் விரியும். அதாவது 0.15 யூனிட். மோட்டார் அசையாமலேயே ஒன்றரை மணி நேரத்து மருந்து கூடுதலாகப் போகும். இறங்கும்போது குமிழி சுருங்கி, வர வேண்டியது வராது.

சூரியநெல்லி டீ:
விலையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே! டியூப் செட்டை ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். மாதாமாதம் அதை யார் கட்டுவது?

குமுளி மெக்கானிக்கல்:
சரி, கணக்கு சரிதான். பெரியவர்களுக்கு 0.15 பொருட்டே இல்லை. அதோடு, மோட்டார் ஸ்டெப் தவறினால் ஒவ்வொரு மணியும் தவறும். குமிழி எப்போதாவது வருவது. என் ஓட்டு மோட்டாருக்கே.

தேவிகுளத்தான்:
நாங்கள் அடிக்கடி போடிக்குப் போய் வருகிறவர்கள். அப்போது என்ன செய்வது?

பயோமெடிக்கல் மறையூர்:
மருந்து நிரப்பும்போதே தட்டிக் குமிழியை வெளியேற்றுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இன்சுலினை அறை வெப்பத்துக்கு வந்தபிறகு நிரப்புங்கள். குளிர்ந்தது சூடாகும்போதுதான் கரைந்திருக்கும் காற்று வெளியே வரும். மலை ஏறியதும் டியூபைப் பாருங்கள். குமிழி தெரிந்தால் முதலில் டியூபை உடம்பிலிருந்து கழற்றுங்கள், அப்புறம்தான் பிரைம், அதாவது மருந்தைத் தள்ளிக் குமிழியை வெளியேற்றுவது. மாட்டியபடியே பிரைம் செய்தால் அவ்வளவும் குழந்தைக்குள் போய்விடும்.