வேலைக்கு ஓடுகிற வண்டியிலேயே மனம் ஆறவும் ஓடலாமா?

கரைச்சிப் பொடியன் கேட்டது:

என்னுடைய வேலையே ஓட்டம்தான். கிளிநொச்சியில் ஒரு கம்பனிக்குக் குழுக் கடன் வசூலிக்கிறேன். காலை 8 மணிக்கு வெளிக்கிட்டால் தருமபுரம், விசுவமடு, உள் ஒழுங்கைகள் எல்லாம் சுற்றி வீட்டுக்கு வர 6 மணியாகும். ஒரு நாளைக்கு 70, 80 கிலோமீற்றர். வண்டி அப்பாவின் பழைய எம்.டி. 90 மோட்டார் சைக்கிள்.

போன மாதத்திலிருந்து நித்திரை சரியில்லை. ஒரு வீட்டுக்குப் போன நேரம் அந்த அக்கா சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து இறக்கிவைத்துவிட்டு வந்து, காதில் கிடந்த தோடுகளைக் கழற்றி என் வசூல் கொப்பிக்கு மேலே வைத்தார். ஒரு கதையும் இல்லை. ஒரு தோட்டில் கல் விழுந்து, இருந்த இடத்தில் அழுக்கு அடைந்திருந்தது. நான் தோட்டையும் எடுக்கவில்லை, கையெழுத்தும் வாங்கவில்லை, எழும்பி வந்துவிட்டேன். மனேஜரிடம் ஏச்சு வாங்கியது வேறு. அது பழகிவிட்டது. கண்ணை மூடினால் அந்தக் கல்லில்லாத தோடுதான் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிய வெளிக்கிட்டு நீட்டுக்கு ஒரு ஓட்டம் ஓடு, எல்லாம் சரியாகும் என்கிறான் கூட்டாளி. கிழமையில் ஆறு நாள் ஓடுகிறவன் ஏழாம் நாளும் ஓடினால் சரிவருமா? செய்து பார்த்த ஆக்கள் சொல்லுங்கள். எந்தப் பக்கம் போகலாம் என்றும் சொன்னால் நல்லது.

பாலைப்பழம்:

சரிவரும். ஆனால் ஏ9 வேண்டாம், பஸ்ஸுக்கு ஒதுங்கியே நாள் போய்விடும். பரந்தனால் திரும்பிப் பூநகரி, முழங்காவில், வெள்ளாங்குளம். அங்கே நேரே விட்டால் மன்னார். நீங்கள் இடப்பக்கம் திரும்பித் துணுக்காய், மல்லாவி, மாங்குளம் என்று ஒரு வட்டம் அடியுங்கள். சோளகம் அடிக்கிற நாளில் பூநகரி வெளியில் எம்.டி.யைச் சரித்துப் பிடித்தபடிதான் போக வேண்டிவரும். வேறு ஒன்றையும் யோசிக்க விடாது அந்தக் காற்று. கட்டாக்காலி மாடு கவனம். சங்கக்கடைக்கு முன்னால் படுத்திருக்கிற மாடு ஹோர்ன் அடித்தாலும் எழும்பாது.

மண்ணெண்ணெய்க் காலத்து ஆள்:

தம்பி, தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்தபோது நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடினோம். சின்னப் போத்தலில் கொஞ்சப் பெற்றோல் வைத்திருப்போம். அதைக் கொடுத்து ஸ்ரார்ட் ஆக்கி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. பின்னால் வருகிறவனுக்குப் புகைதான். வைத்தியத்துக்கும் செத்த வீட்டுக்கும் ஓடினோம். மனம் ஆற என்று ஓடுவதற்கு எண்ணெயும் இல்லை, நேரமும் இல்லை.

2022 இல் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்களே, அப்போது கொட்டிலுக்குள் கிடந்த லுமாலா சைக்கிளைத் தூசு தட்டி எடுத்தேன். 2023 இல் கியூஆரை நிறுத்தினார்கள், சைக்கிளை நான் விடவில்லை. நீயும் சைக்கிளில் போ. எம்.டி.யின் சத்தம் உனக்கு வேலைச் சத்தம். அதில் ஏறினால் உன் உடம்பு கொப்பியைத்தான் தேடும். விடிய 5.30க்கு இரணைமடுச் சந்தியால் திரும்பிக் குளக்கட்டு வரைக்கும் மிதி. முதல் இரண்டு கிழமை துடை நோகும். நோகட்டும்.

ஸ்கூட்டி ரீச்சர்:

முல்லைத்தீவுக்குப் போ, கடலைப் பார் என்று இனி யாராவது எழுதுவார்கள். அதற்கு முதல் நான் எழுதுகிறேன். பரந்தன் றோட்டால் முல்லைத்தீவுக்குப் போனால் வட்டுவாகல் பாலம் வரும். 2009 மே மாதம் அம்மாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாலத்தால் நடந்து வந்தவள் நான். காற்று வாங்க அதில் போக என்னால் முடியாது. உங்களுக்கு எப்படியோ தெரியாது.

அதனால் புதுக்குடியிருப்பிலேயே வலப்பக்கம் திரும்பிவிடுவேன். மன்னாகண்டல், ஒட்டுசுட்டான். தான்தோன்றீஸ்வரர் கோயில் வாசலில் கொஞ்சம் இருந்துவிட்டு முத்தையன்கட்டுக் குளம். பிறகு மாங்குளம் வந்து ஏ9 ஏறலாம். ஒட்டுசுட்டான்–மாங்குளம் துண்டு இரண்டு பக்கமும் காடு. பொழுதுபட்டால் றோட்டில் யானை ஏறும். பின்னேரம் 4 மணிக்கு முன் தாண்டிவிடுங்கள்.

பொம்பிளைப் பிள்ளை தனியப் போனால் பெற்றோல் செட்டில்கூட விசாரணை நடக்கும், "எங்கை பிள்ளை தனிய?" என்று. வட்டாப்பளை அம்மனுக்கு நேர்த்தி என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அம்மாளாச்சி மன்னிக்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன். அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பப் போனீர்களா?

கரைச்சிப் பொடியன்:

ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் போய் வந்துவிட்டேன். ரீச்சர் சொன்ன வழியால்தான்.

ஒரு பிழை விட்டேன். அந்த வழியில் முதல் பாதி நான் வசூலுக்குப் போகிற இடம். விசுவமடு தாண்டும்போது 6.30 இருக்கும். ஒரு வீட்டு முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்த அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். ஞாயிற்றுக்கிழமை, கொப்பி இல்லை, பை இல்லை, நான் போட்டிருந்தது ரீசேட். என் முகம் தெரிகிற தூரமும் இல்லை. சைலன்சர் சத்தம்தான் காட்டிக்கொடுத்தது. அண்ணை, நீங்கள் என் உடம்பைப் பற்றிச் சொன்னீர்கள். ஊருக்கும் அந்தச் சத்தம் பழகிவிட்டது.

மன்னாகண்டலுக்கு அங்கால் என்னை ஒருவருக்கும் தெரியாது. அங்கேதான் தோள் கொஞ்சம் இறங்கியது. முத்தையன்கட்டில் குளக்கட்டுக்குக் கீழே மருத மர நிழலில் துவாயை விரித்துப் படுத்தேன். கண் முழிக்க 12 மணி தாண்டிவிட்டது, கையெல்லாம் எறும்பு. எத்தனை நாளைக்குப் பிறகு அப்படி ஒரு நித்திரை. முறிகண்டியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு ஒரு சரை கச்சான் வாங்கினேன், வீட்டுக்கு வரும்போது பாதிதான் மிச்சம்.

இரவு திரும்பவும் தோடு வந்தது. ஆனால் 2 மணிக்குத்தான். முந்தி 11 மணிக்கே வந்துவிடும்.

ரீச்சர், அந்த அக்கா வீட்டுக்கு இன்னும் போகவில்லை. இந்தப் புதன் அவருடைய குழு கடன் கட்டுகிற நாள்.

அண்ணை, தம்பியின் சைக்கிள் ஒன்று இருக்கிறது, முன் ரியூப் மட்டும் மாற்ற வேண்டும். வருகிற ஞாயிறு 5.30க்கு இரணைமடுச் சந்தியில் நிற்பீர்களா?