வாய்ப் புற்றுநோய்க்குக் கறுப்பு மணல் காரணமா?

கடற்கரைக்காரன்:
மணவாளக்குறிச்சிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 61 வயது, வள்ளத்தில் போகிறவர். இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. ஊரில் எல்லாரும் கறுப்பு மணலைத்தான் சொல்கிறார்கள். அக்கா பயந்துபோய், 9 வயது மகளோடு நாகர்கோவிலுக்கே குடிபோகிறேன் என்கிறாள். மணலின் கதிர்வீச்சால் வாயில் வருமா? அப்பா வெற்றிலை போடுவார், ஆனால் அது தாத்தா காலத்திலிருந்து வீட்டில் உள்ள பழக்கம்.

மீன்சந்தை:
சந்தேகமே வேண்டாம், மணல்தான். எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

பழைய கோபால்ட்:
தம்பி, புற்றுநோய்க்குக் கதிர் பாய்ச்சும் கோபால்ட் மெஷின் பக்கத்தில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மேலே பட்ட கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜைச் சட்டையில் குத்தாமல் உள்ளே போனதில்லை. அதனால் கதிர்வீச்சு ஒன்றும் செய்யாது என்று சொல்ல மாட்டேன். அது செல்லுக்குள் டி.என்.ஏ. இழையை அறுக்கும். செல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். தப்பாக ஒட்டினால்தான் வினை. ஹிரோஷிமாவில் மொத்தமாக வாங்கியவர்களுக்குச் சில வருடங்களிலேயே ரத்தப் புற்றுநோய் கூடியது. உங்கள் மணலிலும் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது, அதில் கதிர்வீசும் தோரியம் உண்டு. ஆனால் அதே மோனசைட் மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பத்து வருடம் கவனித்தார்கள். 2009-இல் முடிவு வந்தது: கதிர்வீச்சு கூடிய இடத்தில் புற்றுநோய் கூடவில்லை.

சரி, அப்பா போயிலையை எந்தக் கன்னத்தில் அடக்குவார்?

கடற்கரைக்காரன்:
இடது. ராத்திரி கடலில் தூக்கம் வராமல் இருக்க விடியும்வரை அங்கேயே கிடக்கும்.

பழைய கோபால்ட்:
புண்ணும் அங்கேதானே. போயிலையில் உள்ள நைட்ரோசமைன் என்ற ரசாயனம் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்ளும். செல் பிரதி எடுக்கும்போது எழுத்து மாறிப்போகும். போயிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். தாத்தா காலத்துப் பழக்கம் என்ற பேச்சை என் மெஷினில் படுத்தவர்கள் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன்.

அக்காவிடம் வீடு மாற்றும் காசை மிச்சம் பிடித்து, மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போடச் சொல். கருப்பை வாய்ப் புற்றுநோய் அந்த வைரஸால் வருவது. கெட்டுப்போன செல்லைத் தடுத்து நிறுத்த நம் உடம்பில் பி53 என்று ஒரு காவல்காரப் புரதம் உண்டு. வைரஸ் அதை ஒழித்துக்கட்டும். ஊசியை 9 வயதிலிருந்தே போடலாம்.

மீன்சந்தை:
நான் சொன்ன மூன்று பேரில் ஒருத்தி வெற்றிலையே தொடாதவள். அதற்கு என்ன சொல்வீர்கள் அண்ணாச்சி?

பழைய கோபால்ட்:
ஒன்றும் சொல்வதற்கில்லை. எந்த விஷமும் இல்லாமல், செல் பிரியும்போதே பிழை விழுவதும் உண்டு. ஒருவரை மட்டும் வைத்து இதுதான் காரணம் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது.

கடற்கரைக்காரன் தம்பி, நீ வள்ளத்தில் பாக்கு போடுவாயா? வாயை நன்றாகத் திற. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பல்லுக்கு நடுவில் நுழைத்துப் பார்.

கடற்கரைக்காரன்:
பாக்கெட் பாக்குதான், நாலு வருடமாக. இரண்டு விரல் போகிறது, மூன்றாவது போகவில்லை. காரம் பட்டால் எரிகிறது.

பழைய கோபால்ட்:
அது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்றில்லை, பயப்படாதே. பாக்கினால் கன்னத்தின் உள்தோல் இறுகுவதாக இருக்கலாம். ஆனால் கவனிக்காமல் விட்டால் புற்றுநோயாகத் திரும்பக்கூடியது. இன்றைக்கே பாக்கெட்டைக் கடலில் போடு... வேண்டாம், குப்பையில் போடு. அப்பாவைக் கூட்டிப்போகும் அன்றைக்கே நீயும் ஒரு சீட்டு எடுத்து வாயைக் காட்டு.