புதுப்பிப்பு: 7 அயர்னில் சுழன்ற கிரிப்

கோல்ஃப் மட்டைகளுக்குப் புது கிரிப் (ரப்பர் பிடியுறை) மாட்டி மூன்று மணி நேரத்தில் ஆடப் போனேன், 7 அயர்ன் என்ற மட்டையில் கிரிப் கைக்குள்ளேயே திரும்பிவிட்டது, அதை ஒட்டும் இருபக்க டேப் மட்டமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். டேப்பில் குறையே இல்லை. என் அவசரம்தான்.

கத்தியால் நீளவாக்கில் கீறிப் பிரித்ததுமே, கிரிப் வழுக்கி ஏறுவதற்காக டேப்பில் ஊற்றும் சால்வென்ட் திரவத்தின் வாடை குப்பென்று அடித்தது. இரு முனைகளிலும் டேப் காய்ந்திருந்தது. நடுவில் மட்டும் பசை கொழகொழவென்று விரலோடு வந்தது. ரப்பருக்குள் சிக்கிய சால்வென்ட் வெளியேற மேல்முனையில் இருக்கும் சின்னத் துளையும் கீழ் விளிம்பும்தான் வழி. போதாததற்கு நான் தாராளமாக ஊற்றியிருந்தேன்.

இந்த முறை டேப் முழுக்க நனையும் அளவுக்கு ஊற்றி, மிச்சத்தை வடித்துவிட்டு மாட்டினேன். கிரிப்பில் போட்டிருக்கும் கோட்டை உடனே நேராக்கினேன், பிறகு தொடவே இல்லை. நிழலில், காற்றோட்டமான இடத்தில் 24 மணி நேரம். தண்ணீரில் இளகும் டேப் என்றால் இன்னும் பொறுக்க வேண்டும். கம்ப்ரஸர் காற்றால் மாட்டுபவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு கிடையாது, ஈரமே இல்லையே!

ஆடும் முன் கிளப்பின் (மட்டையின்) தலையைப் பிடித்துக்கொண்டு கிரிப்பை முறுக்கிப் பாருங்கள். இம்மி நகர்ந்தாலும் பையில் வைக்காதீர்கள். நேற்று அதே அயர்னில் அறுபது பந்து அடித்தேன். கோடு வைத்த இடத்திலேயே நிற்கிறது.