மறு: ‘ஆப்பரேட்டர் அலையன்ஸ்’ – ‘சேவைக் கைகோப்பு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலின் வணிகப் பகுதியில், வெவ்வேறு நாட்டுக் கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் சேர்ந்து இயங்கும் ‘ஆப்பரேட்டர் அலையன்ஸ்’ என்பதற்குக் ‘கைப்பேசிக் கூட்டணி’ என்று போட்டிருக்கிறோம். அதை அப்படியே விட எனக்கு மனமில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருளைப் பார்ப்போம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டக் குழுமத்தின் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். இந்தோனேசியாவின் சுமத்ராவிலும் எங்களுக்குத் தோட்டங்கள் உண்டு. விற்பனை அலுவலகம் சிங்கப்பூரில். மாதம் பிறந்தால் மூன்று நாட்டுக் கைப்பேசிப் பில்களும் என் மேசைக்கு வந்துவிடும்: ரிங்கிட்டில் ஒன்று, ரூப்பியாவில் ஒன்று, சிங்கப்பூர் வெள்ளியில் ஒன்று. நிர்வாகி சுமத்ராவின் மேடான் நகருக்குப் போய் வந்த மாதம் என்றால் ரோமிங் கட்டணத்துக்கே தனிப் பக்கம். ஒப்பந்தம் முடியும் தேதி நாட்டுக்கு நாடு வேறு. சிம் தொலைந்தால் கூப்பிட வேண்டிய ஆளும் வேறு. எங்களுக்கே இப்படி என்றால், பல கண்டங்களில் ஆள் வைத்திருக்கும் நிறுவனங்களின் பாட்டை நினைத்துப் பாருங்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. இணைப்பை அந்தந்த நாட்டுச் சேவை நிறுவனமே கொடுக்கும். ஆனால் பேரம் ஒரே இடத்தில் நடக்கும், அடிப்படை ஒப்பந்தம் ஒன்றாக இருக்கும், கணக்கு அறிக்கை ஒரே வடிவில் வரும், குறை சொல்ல ஒரே தொடர்பாளர் இருப்பார்.

ஐரோப்பாவில் 2003-இல் ஆரஞ்சு, டி-மொபைல், டிம், டெலிஃபோனிக்கா ஆகிய நான்கு கைப்பேசிச் சேவை நிறுவனங்களும் சேர்ந்து ‘ஃப்ரீமூவ்’ என்ற இப்படியோர் அணியைத் தொடங்கின. அவற்றின் போட்டியாளரான வோடஃபோனுக்குப் பல நாடுகளில் சொந்த நிறுவனங்கள் இருந்தன. தனித்தனியாக நின்று அதோடு மல்லுக்கட்ட முடியாது என்பதுதான் காரணம். அடுத்த ஆண்டே நம் ஆசியப் பக்கத்தில் ‘பிரிட்ஜ்’ என்ற அணி வந்தது. சிங்டெல், ஆப்டஸ், ஏர்டெல், குளோப் ஆகியவற்றோடு நம் மலேசிய மேக்சிஸும் அதில் தொடக்கத்திலேயே சேர்ந்தது.

சொல்லைத் தேர்ந்தெடுக்க எனக்கு உதவியது டெலிஃபோனிக்கா கதைதான். அது ஓ2 என்ற கைப்பேசிச் சேவை நிறுவனத்தை வாங்கப் போனது. பிரிட்டனில் ஆரஞ்சுக்கும் டி-மொபைலுக்கும், ஜெர்மனியில் டி-மொபைலுக்கும் நேர்ப் போட்டி ஓ2. போட்டியாளரை வாங்கிக்கொண்டு அதே அணியிலும் இருந்தால் சந்தை கெட்டுவிடும் என்று ஐரோப்பிய ஆணையம் கருதியது. ஃப்ரீமூவை விட்டு விலக வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் 2006 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. ஆக, உறுப்பினர்கள் ஒன்றாகிவிடுவதில்லை. சேர்வார்கள், விலகுவார்கள், தனி நிறுவனமாகவே இருப்பார்கள். நாம் தேடும் சொல் இதைக் காட்ட வேண்டும்.

‘கூட்டணி’யில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இங்கே அந்தச் சொல்லைத் தேர்தல் முழுக்க எடுத்துக்கொண்டுவிட்டது. ‘கைப்பேசிக் கூட்டணி’ என்று தலைப்புப் போட்டால், ‘எந்தக் கட்சி?’ என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சென்னை நண்பர் சொன்ன ‘கூட்டமைப்பு’ என்றால் எங்களுக்குத் தலைவர், செயலாளர், ஆண்டுக் கூட்டம் எல்லாம் உள்ள தாய்ச்சங்கம். அதுவும் பொருந்தாது.

‘கூட்டுறவு’ என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அதற்கு நான் உறுதியாக மறுப்புச் சொல்வேன். இது மலேசியத் தமிழர் தலைவர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். தோட்டங்களைத் துண்டாடி விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960-இல், அவர் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பால்மரம் (ரப்பர்) சீவியவர்கள் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணத்தில் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் புக்கிட் சிடிம். இந்த ஊரில் கூட்டுறவு என்றால் பொதுச் சொத்து, பங்கு, லாபத்தில் உரிமை. மேக்சிஸும் சிங்டெல்லும் அப்படி எதையும் பங்கிட்டுக்கொள்வதில்லை. அந்தச் சொல்லை இதற்குக் கொடுக்க வேண்டாம்.

என் பரிந்துரை ‘கைகோப்பு’. ‘இரு நிறுவனங்கள் கைகோத்தன’ என்று நாளிதழ்கள் எப்போதும் எழுதுவதுதான். அதன் பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்கிறேன். கோத்த கையை எடுத்துவிடவும் முடியும். ‘கைகோப்பில் சேர்ந்தது’, ‘கைகோப்பிலிருந்து விலகியது’, ‘கைகோப்பு உறுப்பினர்’ எல்லாம் தடையில்லாமல் வருகின்றன. ‘கோப்பு என்றால் ஃபைல் அல்லவா?’ என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கையில் வைத்துக்கொள்ளும் ஃபைல் என்றால் ‘கைக்கோப்பு’ என்று ஒற்று மிகும். இது கையைக் கோப்பது. கைதட்டல், கைகுலுக்கல் போல ஒற்று மிகாது. அச்சில் இந்த ஒற்றைக் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று, ‘கைகோர்ப்பு’ என்று ரகரம் சேர்க்க வேண்டாம், கோத்தல்தான் சரி.

அப்புறம் முன்பாதி. ‘கைப்பேசி நிறுவனம்’ என்றால் சாம்சுங் மாதிரி கைப்பேசி செய்து விற்பவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் ‘கைப்பேசிச் சேவைக் கைகோப்பு’ என்று முழுப் பெயரும், கட்டுரைக்குள் ‘சேவைக் கைகோப்பு’ என்று குறும்பெயரும் வைக்கலாம். பட்டியலுக்கான விளக்கம்: ‘பல நாடுகளில் இயங்கும் வாடிக்கை நிறுவனங்களுக்கு ஒரே ஒப்பந்தத்தின்கீழ் சேவை தருவதற்காக, வெவ்வேறு நாட்டுக் கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் தம் தனித்தன்மையை விடாமல் செய்துகொள்ளும் ஏற்பாடு.’

இதில் ஒரு முடிச்சு மட்டும் எனக்கு அவிழவில்லை. டியூன் டாக் போலச் சொந்தக் கோபுரம் இல்லாமல் பிறருடைய வலையமைப்பில் சிம் விற்பவர்களும் சேவை நிறுவனங்கள்தாம். கோபுரமும் அலைக்கற்றையும் சொந்தமாக வைத்திருப்பவர்களுக்கு ‘வலைஞர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சங்கப் பாடல்களில் வலைஞர் என்றால் மீன் பிடிப்பவர். அவர்களுடைய பெயரை எடுக்க வேண்டாமே. ‘வலையமைப்பு நிறுவனம்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டுமா, சுருக்கமாக வேறு ஏதாவது உண்டா? தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்ப்பவர்கள், உங்கள் அலுவலகத்தில் புழங்கும் சொல்லை எழுதுங்கள்.

அன்புடன்,
சுங்கை சிப்புட்டிலிருந்து